மூன்றாவது டெம்போ

இன்று காலை துணி காயப்போடும் நீல ஒயர் அறுந்து விழுந்தது, மச்சான். ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒயரைக் கொண்டுவந்து என் வாசலில் நீ கட்டினாயே, அதேதான். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். "அப்பா, மொதல்ல விஷயத்துக்கு வா" என்கிறாள். நீ ஒருநாளும் என்னை அப்படி அவசரப்படுத்தியதில்லை.

ஒரு ரூபாய் காசு போட்டு போன் பேசிய காலம் அது. சாரத்தில் ஒரு வீட்டுக்கு உனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். உன் வேலை என்னவென்று புரியாமலே முன்பு பார்த்த சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. இந்தப் பெண்ணை உனக்குப் பிடித்துவிட்டது. கேசரியைத் தொடாமல் நீ தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குத் தெரிந்தது. நல்ல கேசரி. உன் பங்கையும் நான்தான் தின்றேன்.

பெண்ணின் அப்பா ஆரம்பித்தார்.

"மாப்ளைக்கு என்ன வேலை?"

"பெரிய தகவலத் துண்டு துண்டாக்கி, நாலஞ்சு ஒயர் வழியா தூரத்து டிஸ்க் பெட்டிக்கு அனுப்புவோம் மாமா. எந்தத் துண்டு எந்த வரிசையில போவணும்னு பாக்கறது என் வேலை."

"தபால்காரரா?"

உன் முகம் வாடிவிட்டது. நான் சும்மா இருப்பேனா?

"அது ஒண்ணுமில்ல மாமா. எங்க ஊரு கல்யாணத்துக்கு தவளக்குப்பத்துலேருந்து மூணு டெம்போல சாமான் வந்துச்சி. மூணாவது டெம்போ வரவேல்ல. ஏன்னா வழியில ஒரு ஆடு காணாப்போச்சி. அந்த ஆட்டுக்காரரு யாருன்னா…"

ஆட்டுக்காரரின் மச்சினி வரை போய்விட்டேன். பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு என்று நீ தலையைக் குனிந்தாய்.

அப்போது உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல்:

"அப்பா, அண்ணன் சொல்றது புரியுது. வண்டி வரிசையாத்தான் வரணும்னா, ஒண்ணு நின்னா பின்னால எல்லாமே நிக்கும். எது மொதல்ல வந்தாலும் அதது எடத்துல எறக்கி வெச்சிக்கலாம். அடுப்பு பின்கட்டுக்கு, எல பந்திக்கு. ஆனா எல்லாம் வந்து சேந்தப்புறந்தான் 'ஆச்சி'ன்னு சொல்லணும். அதானே உங்க வேல?"

"அதேதாங்க!" என்று நீ எழுந்தே நின்றுவிட்டாய். அவர் சிரித்த சிரிப்பில் சம்பந்தம் முடிந்தது.

திரும்பும் வழியில் சொன்னாய்: "நீ தாறுமாறாத்தான்டா அனுப்புன. அவ சேத்துட்டா."

பிறகு பார்க்கும்போதெல்லாம் கேட்பாய்: "அந்த ஆடு என்னாச்சிடா?" அடுத்த தடவை சொல்கிறேன் என்பேன். அதைக் கேட்கவாவது நீ மறுபடி வருவாய் அல்லவா? வந்தாய், ஒவ்வொரு ஞாயிறும். கதை பாக்கியிருக்கும்போதே ஒருநாள் போய்ச் சேர்ந்தும்விட்டாய்.

ஒயரை முடிச்சுப் போட்டுக் கட்டும்போது உன் மனைவி வந்தாள்; என்னை அண்ணன் என்ற அன்றிலிருந்தே எனக்குத் தங்கச்சி. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவளும் அதையே கேட்டாள். சொல்லிவிட்டேன். நீயும் கேட்டுக்கொள்: ஆடு அந்த மூன்றாவது டெம்போவில்தான் இருந்தது. வண்டியை நிறுத்தி ஊரே தேட, அது பெரிய அண்டாவுக்குள் உட்கார்ந்து பந்திக்கு வந்த இலையைத் தின்றுகொண்டிருந்தது.

தங்கச்சி சிரித்துச் சிரித்து ஒயரை விட்டுவிட்டாள்.

"அப்ப கதை ஆச்சிதாண்ணே?"

"எங்கேம்மா ஆவும்? அந்த ஆடு குட்டி போட்ட கதை இருக்குதே."