தடுமாறத் தெரியாத மாமனார்

மார்ச் 3, செவ்வாய்

ஏமாற்றினேனா? நானா? கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டால் விட்டுவிடுவேனா, மருமகளே? இந்த டைரியிலே எழுதியாவது உனக்குப் பதில் சொல்கிறேன்.

கண் ஆஸ்பத்திரிக்கு நீ ஒரு வெப்சைட் செய்தாய். வரும் திங்கள் திறப்பு. டாக்டரைப் பார்க்க ஒரு கிழவன் தானாக டோக்கன் வாங்க முடிகிறதா என்று பார்க்க, இன்று என்னை உன் ஆபீசில் உட்கார வைத்தாய். பின்னால் உன் மேலதிகாரிகள். தடதடவென்று அமுக்கி ஒரே மூச்சில் முடித்தேன். "இவரே செஞ்சிட்டாரு, இனி யார் வேணா செய்வாங்க" என்று அவர்கள் கை தட்டினார்கள். உன் மானத்தைக் காப்பாற்றினேன். வீட்டுக்கு வந்ததும் பிடித்துவிட்டாய். பக்கம் திறக்கும் முன்பே பட்டன் வரும் இடத்தில் என் விரல் போய் நின்றதாம். ஆமா, வீட்டுல யாரும் இல்லாத மத்தியானமா பாத்து, நீ வெச்சிட்டுப் போன கம்ப்யூட்டர்ல பழகினேன். யாருக்காக?

அதற்கு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க தடுமாறணும்னுதான் மாமா உட்கார வெச்சேன். எங்க தடுக்கி விழுறீங்களோ அங்கதானே நான் சரிபண்ணணும்."

பரீட்சை எனக்கு இல்லையாம், உனக்காம். பள்ளிக்கூடத்தில்தான் பாஸாகவில்லை, இதிலாவது ஆகலாமென்று பார்த்தேன். இதில் பாஸானது குற்றம்.

மார்ச் 4, புதன்

காபி டம்ளர் மட்டும் மேஜைமேல் ணங்கென்று பேசியது.

மார்ச் 6, வெள்ளி

மறுபடி சோதனை தேவையில்லை என்கிறார்களாம் மேலதிகாரிகள். நான்தான் பாஸாகிவிட்டேனே. சரி, அந்தப் பக்கத்தைப் பார்க்காத ஆள் வேண்டும், அவ்வளவுதானே? சீட்டாட்டக் கூட்டாளி சலூன்காரனை இழுத்து வந்தேன். அவனுக்குக் கண்ணில் புரை. இதில் வாங்கினால் நிஜ டோக்கனே தரும்படி ஆஸ்பத்திரியில் பேசி வைத்தாள் மருமகள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

வியாழக்கிழமையைத் தேடிப் பிடித்தான். கடைசியில் "உறுதி செய்", "ரத்து செய்" என்று இரண்டு பட்டன். ஒரே நிறம், ஒரே அளவு, ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. ரத்தை அமுக்கினான். பக்கம் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது.

"முடிஞ்சுதுடா. வியாழக்கிழமை வரச் சொல்லிட்டாங்க" என்று எழுந்து செருப்பைத் தேடினான்.

அவனைக் கிண்டலடிக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. வாய் வரவில்லை. வியாழக்கிழமை போய் வரிசையில் நிற்பான், பெயர் இருக்காது, தன் கண்ணையே திட்டிக்கொண்டு திரும்புவான் — அதுதானே நடந்திருக்கும்?

மருமகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தப்பு உங்க மேல இல்லங்க ஐயா, என் மேல."

"அது யார் மேல வேணா இருக்கட்டும்மா. எனக்கு டோக்கன் இருக்கா, இல்லையா?"

போன் பேசி வாங்கிக் கொடுத்தாள்.

மார்ச் 7, சனி

மாமா பழகிவிட்டு வந்தவர், அந்தச் சோதனை செல்லாது என்று ஆபீசில் சொல்லிவிட்டாள். திறப்பு தள்ளிப்போனது. திட்டெல்லாம் அவளுக்கு. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மார்ச் 19, வியாழன்

ரத்து இப்போது தள்ளி, சின்னதாக உட்கார்ந்திருக்கிறது. அமுக்கினால் நிஜமாகவா என்று கேட்கிறது. டாக்டரைப் பார்க்கும் நாளும் மணியும் கொட்டை எழுத்தில் நிற்கின்றன.

இன்று என் மடியில் கம்ப்யூட்டரை வைத்தாள். நான் பார்க்காத பக்கம். பழகவில்லையே என்று கேட்டாள், சத்தியம் செய்தேன். அது பிறந்த தேதி கேட்டது. இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமாகப் பின்னால் அமுக்கிக்கொண்டே போகவேண்டும். விரல் மரத்துவிட்டது.

"என்ன மாமா, நின்னுட்டீங்க?"

"இப்பதான் உன் புருஷன் பொறந்த வருஷத்துக்கு வந்திருக்கேன். நான் பொறக்க இன்னும் எவ்வளவு தூரம் போகணுமோ. அந்த வருஷம் உங்க அத்தை என்ன பண்ணா தெரியுமா, ஒரு நாள் என்னை—"

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, சிரித்தபடியே, சரிபண்ணப் போய்விட்டாள்.