ஒன்றாம் எண் வயல்

மார்ச் 3, 2025. திங்கள்

இன்றும் மடைச் சண்டைதான். காலையில் ஆரம்பித்தது. டீ ஆறியது, மத்தியானச் சாப்பாடும் ஆறியது.

தெளிவாக எழுதி வைத்துக்கொள்கிறேன், நாளைக்கு அக்ஷய் பேச்சை மாற்றுவான். போனில் ஆடும் எங்கள் விளையாட்டு இவ்வளவுதான்: ஒரு கண்மாய், அதிலிருந்து ஒரே வாய்க்கால், வாய்க்கால் ஓரம் நாற்பது வயல். ஆளுக்கு ஒரு வயல், ஆளுக்கு ஒரு மடை. தன் வயலுக்குப் பாய்ச்சிவிட்டு மடையைத் திறந்துவிட்டால்தான் அடுத்த வயலுக்குத் தண்ணீர் போகும். வயல் யாருடையது என்பது பிளாக்செயினில் பதிவாகும். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் எழுதப்படும் பதிவு. ஒருவராலும் அழிக்க முடியாது. உரிமையாளரின் போனில் ஒரு சாவி இருக்கும். அது இல்லாமல் அவர் மடையைத் திறக்க முடியாது. அதை உருவாக்கிய எங்களாலேயே முடியாது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஆள் மூன்று நாள் வராவிட்டால் மடை தானாகத் திறக்கட்டும்.

"அப்புறம் எதுக்கு ஓனர்ஷிப்? ஒன் வயல யாரும் தொட முடியாதுன்னுதான நம்ம ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறோம்?" என்றான்.

புரோகிராம் எழுதுவது அவன், விளையாட்டை வடிவமைப்பது நான். கல்லூரியிலிருந்தே இப்படித்தான். கடைசியில் விட்டுக்கொடுப்பது நான். விட்டுக்கொடுத்தேன்.

மார்ச் 8. சனி

நாட்டரசன்கோட்டை சமுதாயக் கூடம். நெற்குப்பையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். சோதனை ஆட்டத்துக்கு நாற்பது பேரையும் நாலு மணிக்குள் சேர்த்து முடித்தேன். வயல் எண் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஒன்றாம் எண், அதாவது தலைமடை, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஈஸ்வரி அக்காவுக்கு விழுந்தது. கை வலிக்கிறது. போதும்.

மார்ச் 14. வெள்ளி

முத்தரசு போன் செய்தார். நெற்குப்பையில் வேன் ஓட்டுகிறவர், முப்பத்தெட்டாம் எண். எங்கள் பக்கம் சிறு வயதுப் பெண்ணையும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆச்சி, அங்குட்டு எல்லாத்துக்கும் தண்ணி நிக்கிது, இங்குட்டு எனக்கு மொளகா கருகுது. இருபத்தொண்ணாம் நம்பருக்காரரு யாருன்னு சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்!"

பேசியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் அவர்களே ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று பிரித்துக்கொண்டார்கள். நான் எழுதாத விதி. ஈஸ்வரி அக்கா காலை ஏழு மணிக்குக் கடைக்குக் கிளம்பும்போதே மடையைத் திறந்துவிட்டு, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 'தண்ணி விட்டாச்சு' என்று போடுகிறார். ஒருநாள் தவறவில்லை.

இரண்டு வருஷம் இதற்குத்தான் உட்கார்ந்தேன். இது ஓடும்.

மார்ச் 20. வியாழன்

ஏழு மணிக்குத் தண்ணீர் வரவில்லை. மத்தியானம் வரைக்கும் வரவில்லை.

மார்ச் 21. வெள்ளி

ஈஸ்வரி அக்கா தன் வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டார். அவருடைய போன் சிவகங்கை பஸ்ஸில் தொலைந்துவிட்டதாம். "புது போன் வாங்கிட்டேன் ஆச்சி. ஆனா அதுல என் வயலக் காணோம்."

அக்ஷயிடம் கேட்டேன். "அந்தப் பன்னெண்டு வார்த்தையப் போடச் சொல்லு, வந்துரும்."

சொன்னேன். ஈஸ்வரி அக்கா கேட்டார்: "எந்தப் பன்னெண்டு வார்த்த?"

மார்ச் 22. சனி

இதை எங்காவது எழுதித்தான் ஆகவேண்டும்.

வயல் பதிவாகும்போது திரையில் பன்னிரண்டு சொற்கள் வரும். போன் தொலைந்தால் அந்தச் சொற்களை வைத்துத்தான் சாவியை மீட்க முடியும். தாளில் எழுதிக்கொண்டு, 'எழுதிவிட்டேன்' என்ற பட்டனை அமுக்க வேண்டும். அன்றைக்குக் கடைசி ஆள் ஈஸ்வரி அக்கா. மணி மூன்றே முக்கால். எனக்கு நாலு மணிக்குப் பஸ். அவர் பைக்குள் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். "குடுங்கக்கா, நான் முடிச்சுத் தாரேன்" என்று போனை வாங்கி நானே அமுக்கிவிட்டேன். அந்தச் சொற்களை அவர் கண்ணால் பார்க்கக்கூட இல்லை.

ஒன்றாம் எண் மடை இனித் திறக்காது. எப்போதுமே திறக்காது. அதற்குக் கீழே முப்பத்தொன்பது வயல்.

ஒற்றை வாய்க்கால் வைத்தது யார்? நான். பட்டனை அமுக்கியது யார்?

மார்ச் 23. ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 25. செவ்வாய்

குழுவைத் திறக்கவே பயமாக இருக்கிறது. முத்தரசு எழுதியிருக்கிறார்: 'ஒரு பேப்பர்ல பன்னெண்டு வார்த்த எழுதி வைக்கத் துப்பு இல்லாதவுகளுக்கு எதுக்குத் தலைமடை?' அதற்குப் பதினாறு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். ஈஸ்வரி அக்கா ஒன்றும் எழுதவில்லை. வீட்டுக்காரர் போனில் குழுவைப் படிக்கிறார் என்று மட்டும் தெரிகிறது.

அக்ஷய் குழுவின் உச்சியில், எப்போதும் தெரிகிற மாதிரி, ஒரு அறிவிப்பைக் குத்தி வைத்திருக்கிறான். 'பன்னிரண்டு சொற்களைப் பாதுகாப்பது உரிமையாளரின் முழுப் பொறுப்பு.'

அவனுக்குத் தெரியாது. தெரியாமல்தான் வைத்தான். ஆனாலும் அந்த வாக்கியத்தைப் பார்க்கப் பார்க்க அவன் மேல்தான் எரிச்சல் வருகிறது. என் மேல் வரவேண்டியது எல்லாம் அவன் மேல் வருகிறது.

மார்ச் 27. வியாழன்

நாட்டரசன்கோட்டைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

ஈஸ்வரி அக்கா வீடே கலைந்து கிடந்தது. மகளுடைய பள்ளி நோட்டுகள் ஒரு பக்கம் குவியல். அரிசி டின்னைத் துணியில் கவிழ்த்து, அடியில் தாள் கிடக்கிறதா என்று பார்த்து, அள்ளிக்கொண்டிருந்தார். மருந்துக்கடையில் மேசை டிராயர் எல்லாம் பார்த்துவிட்டாராம். பழைய மருந்துச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, பின்பக்கம் எழுதியிருக்கிறதா என்று தேடியிருக்கிறார்.

"எழுதுன ஞாவகமே இல்ல ஆச்சி. ஆனா எங்குட்டோ எழுதித்தான் வச்சிருப்பேன். நீங்க அம்புட்டுத் தூரம் வந்து சொல்லிக் குடுத்து, நான் எழுதாம இருப்பேனா? எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு."

காபி கொடுத்தார். குடித்தேன். அவர் அரிசியை அள்ளினார். நான் குடித்துக்கொண்டே இருந்தேன்.

சொல்லவில்லை. வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது – சீ. என்ன பிறவி நான்?

மார்ச் 28. வெள்ளி

அக்ஷயிடம் சொன்னேன். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னையே பார்த்தான்.

"ஒரு வாரமா சும்மா இருந்துட்டு இப்ப சொல்ற."

"ஆமா."

"ஒம்பதாந்தேதி நமக்குப் பணம் போடுறதுக்குச் சென்னைக்காரங்க பாக்க வர்றாங்க. அதுவரைக்கும் வெளிய சொல்லாத. புது வாய்க்கால் ஒண்ணு போட்டு, புது ஆளுகள வச்சு காட்டிருவோம்."

"இந்த நாப்பது பேரு?"

"டெஸ்டிங்குக்கு வந்தவங்கதான?"

"அவுக அரிசி டின்னக் கவுத்துப் போட்டுத் தேடுறாக. நீ உரிமையாளரோட பொறுப்புன்னு குத்தி வச்சிருக்க!"

"அது எல்லா எடத்துலயும் உள்ள விதி."

"பேனா கைக்கு வர்றதுக்குள்ள அமுக்குனது நான்டா!"

கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மாடிப்படியில் எட்டிப் பார்த்தார். அவ்வளவு சத்தம்.

மார்ச் 30. ஞாயிறு

குழுவில் பேசிப் பதிவு போட்டேன். எழுதினால் அழகாக்கிவிடுவேன் என்று பயம், அதனால் பேசினேன். 'ஈஸ்வரி அக்காவுக்குப் பன்னிரண்டு சொற்களை நான் காட்டவில்லை. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நானே அமுக்கினேன். தெரிந்தும் ஒன்பது நாள் சொல்லவில்லை. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.'

ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து வெளியேறினார்கள். ஒன்பது பேர்.

சாயங்காலம் ஈஸ்வரி அக்கா கூப்பிட்டார். "நான் அரிசிய அள்ளிக்கிட்டு இருந்தேன். நீங்க எதுக்கால ஒக்காந்து காபி குடிச்சுக்கிட்டு இருந்தீக." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 4. வெள்ளி

நாலு நாளாக ஒரே தாளில் கிறுக்குகிறேன். விதி இதுதான்: வயல் வாங்கும்போதே உரிமையாளர் தனக்கு நம்பிக்கையான மூன்று பேரைச் சொல்ல வேண்டும். சாவி தொலைந்தால் அந்த மூன்று பேரும் 'ஆமாம், இவர்தான்' என்றால் வயல் அவருடைய புது போனுக்கு வரும்.

"மூணு பேரும் கூட்டுச் சேந்து திருடுனா?" என்றான் அக்ஷய்.

சரியான கேள்வி. அதுதான் இன்னும் எரிச்சல். இரண்டு மணி நேரம் கத்தியபின் முடிவு: ஏழு நாள் காத்திருக்க வேண்டும், பழைய போன் கையில் இருக்கிறவர் அதற்குள் மறுக்கலாம். மூன்று நாள் ஆள் வராவிட்டால் தண்ணீர் மட்டும் தானாகக் கீழே போகும். வயல் போகாது, தண்ணீர்தான் போகும். ஒன்று அடைத்தால் மற்றதில் ஓட, இனி இரண்டு வாய்க்கால்.

குத்தி வைத்த அறிவிப்பை எடுத்துவிட்டான். நான் சொல்லவில்லை, அவனாகத்தான் எடுத்தான்.

ஏப்ரல் 9. புதன்

சென்னைக்காரர்கள் இருபது நிமிஷம் இருந்தார்கள். "சொந்தம்னா அடுத்தவங்க கைக்கே போகக்கூடாது. நீங்க மூணு பேர உள்ள விடுறீங்க" என்றார் ஒருவர். நடந்ததைச் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

பணம் போடமாட்டார்கள். அக்ஷய் சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 26. சனி

புது வாய்க்கால் இரண்டையும் திறந்தோம். பழைய ஆட்களுக்குப் பழைய எண்ணிலேயே வயல். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ஒன்றாம் எண்ணுக்கு ஆள் வரவில்லை. முத்தரசு மருந்துக்கடைக்கே போய் ஈஸ்வரி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாராம். அவருக்கு இருக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. ஒரு மாதமாகப் போகிறது.

ஏப்ரல் 29. செவ்வாய்

போனேன். கடையில் கூட்டம். என் முறை வந்ததும், "என்ன மருந்து வேணும் மேடம்?" என்றார்.

மேடம்.

"மருந்துக்கு வரலக்கா. நான் செஞ்சது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

எனக்குப் பின்னால் நின்றவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தார். மீதி கொடுத்தார். இன்னும் இரண்டு பேர். நான் ஓரமாக நின்றேன். கடைசியில் கேட்டார்: "சனிக்கெழம அரியக்குடியில ஆள் சேக்குறீகளாமே?"

"ஆமாக்கா."

"நானும் வாரேன்."

எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

மே 3. சனி

அரியக்குடி. ஈஸ்வரி அக்கா எனக்கு முன்பே வந்து, ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, வெள்ளைத்தாளும் ஒரு டஜன் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வயல் பதிவு செய்து போனை நீட்டினால், அவர் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பன்னிரண்டு சொற்களையும் எழுதவைத்து, திருப்பிப் படிக்கச் சொல்லி, மூன்று பேர் பெயரைக் கேட்டு, அந்த மூன்று பேருக்கும் அங்கேயே போன் போடச் சொன்னார். ஒரு பாட்டியம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியவில்லை. எழுத்து எழுத்தாக வரைந்து காட்டினார். இருபது நிமிஷம்.

நான் இரண்டு தரம் மணி பார்த்தேன்.

"அடுத்த ஆளக் கூப்புடுங்கக்கா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"இருங்க" என்றார், என் பக்கம் திரும்பாமலே. "இவுக இன்னும் எழுதி முடிக்கல."

உட்கார்ந்தேன். இன்றைக்குச் சேர்ந்தது பதினொரு பேர். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. இரண்டு பேரும் காரைக்குடி வரைக்கும் ஒரே ஆட்டோவில் வந்தோம்.