தயிர் சாதம் தின்னாத குஞ்சு

2-12-97, செவ்வாய்

நாலு நாளாக மழை. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. பத்தாம் வகுப்பு அரையாண்டுக் கணக்குக் கேள்வித்தாள் எழுதுவது இன்னும் பாதி பாக்கி.

மாலை பள்ளியிலிருந்து வந்தால் கொல்லையில் காக்காய்க் கூட்டம். நடுவில் ஒரு கொக்குக் குஞ்சு. பின் தெருத் தறி வீட்டுப் புளியமரத்திலிருந்து விழுந்திருக்கிறது. அந்த மரத்துக் கூடுகளைத்தான் தினமும் மாடியில் நின்று பார்க்கிறேன். தூரத்தில் எவ்வளவு அழகு. கிட்டத்தில் பழுப்புக் கோடு கோடாக உடம்பு, சிலிர்த்த தலை, மூஞ்சியில் பாதி அலகு. வலது காலில் சிவப்புப் பட்டுநூல் சுற்றி சதையை அறுத்திருக்கிறது. கழிவு நூலை வைத்துக் கூடு கட்டியிருக்கும் அதன் அம்மா. பட்டு சாமானியத்தில் அறுமா? சின்னக் கத்தரியால் அரை மணி நேரம். மஞ்சள் குழைத்துப் போட்டேன்.

கல்யாணப் புடவை வந்த அட்டைப்பெட்டியில் வைத்து மாட்டுக் கொட்டிலில். மாடு இல்லை, கொட்டில் மட்டும். தயிர் சாதம் குழையப் பிசைந்து ஊட்டினேன். என் மேலேயே துப்பியது. உப்பு போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் போட்டேன். எம்.எஸ்ஸி. படித்த அறிவு.

3-12, புதன்

ஸ்டெல்லா டீச்சரிடம் (பயாலஜி, தாமல்காரி) சொன்னேன். டிபன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா டீச்சர், கொக்குக்குத் தயிர் சாதமா? ஊறுகாய் வச்சீங்களா? அது மடையான் குஞ்சு. மீன் போட்டாத்தான் பொழைக்கும்."

"வேற ஏதாவது?"

"தவளை."

காலையிலேயே குஞ்சின் கழுத்து தொங்கிவிட்டது. ஸ்டெல்லாவின் தம்பி ஏரியில் வலை போடுகிறவனாம். நாளை கொண்டுவருகிறேன் என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

4-12, வியாழன்

ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏழு கெண்டைக் குஞ்சு. பஸ்ஸில் கைப்பைக்குள். பட்டாச்சாரியார் மாமி பக்கத்து சீட். இறங்கும்வரை கைப்பையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

நாற்பத்திரண்டு வருஷத்தில் மீனைத் தொட்டது இன்றுதான். வழுக்கும் என்று தெரியும், இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று தெரியாது. அலகைப் பிரித்து உள்ளே விட்டேன். ஒரு முழுங்கு, கழுத்தில் சின்னதாக ஒரு மேடு இறங்கியது. உடனே வாயைத் திறந்து இன்னொன்று கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழும் போயிற்று. தலைக்குக் குளித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

இவர் கொட்டில் வாசல்வரை வந்து பார்த்தார். திரும்பிப் போய்ப் பேப்பர் எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்பதை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் இவருக்கு என்றைக்கும் கிடையாது.

5-12, வெள்ளி

காலையில் குஞ்சு எழுந்து நின்றது. ஒரு காலில்தான். கண்ணைக் குறி வைக்கிறது, மூக்குக்கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் போகக் கூடாது. எச்சம் சுவர்வரை அடிக்கிறது.

வாங்க வேண்டியவை: பினாயில், பழைய பேப்பர், துளசி மாத்திரை (இவருக்கு), ரப்பர் கையுறை.

அடுத்த வீட்டில் கேட்டது: "என்னமோ வாடை வர்றதே." "சாக்கடையா இருக்கும்."

சாக்கடையாகவே இருக்கட்டும்.

7-12, ஞாயிறு

மழை விட்டது. ஸ்டெல்லாவோடு தாமல் ஏரி. கரை தொட்டுத் தண்ணீர். இத்தனை வருஷம் காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் என்ன செய்தேன்?

பார்த்தவை:
கூழைக்கடா 11 (இறங்கும்போது அந்த உடம்புக்கு எவ்வளவு நிதானம்)
நீர்க்காகம், இறக்கையை விரித்துக் காயப் போட்டுக்கொண்டு
மீன்கொத்தி 3
பெயர் தெரியாதவை நிறைய
நடுவில் கறுப்பாக ஒரு கூட்டம், நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை. ஸ்டெல்லா காட்டினாள்: "பாருங்க, உங்க ஆளுங்க. நாமக்கோழி." எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் தம்பி வலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தான்.

மீன் இரண்டு நாளைக்கு. குஞ்சு இப்போது இரண்டு காலையும் ஊன்றுகிறது, என் காலடிச் சத்தத்துக்கே வாயைத் திறக்கிறது. தரையில் போட்டால் தொடுவதில்லை, கையால் ஊட்டினால்தான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனோ?

9-12, செவ்வாய்

மாமனார் திவசம் 11-ம் தேதி. நாளை வருவதாக இருந்த நாத்தனார் பத்மா அக்கா இன்றே வந்துவிட்டார். கைகால் அலம்பக் கொல்லைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னடி வைதேகி இது? அப்பா திவசத்தை வச்சுண்டு ஆத்துக்குள்ள மீனா?"

"கொட்டில்லதான் அக்கா. குளிச்சுட்டுத்தான் உள்ள வரேன்."

"அந்தக் கையாலதானே தளிகை பண்ணப்போறே?"

அவர் சொல்வது தப்பு இல்லை. மாமனார் வெங்காயம்கூட வீட்டுக்குள் விடாதவர். ஆனால் இதை வெளியே விட்டால் ஒரு மணி நேரம் தாங்காது, காக்காய்கள் மதில்மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. இவரைப் பார்த்தேன். "திவசம் முடியற மட்டுமாவது..." என்று இழுத்தார். எனக்குக் கோபம், யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

10-12, புதன்

குஞ்சை ஒரு மூடிக் கூடையில் போட்டுப் பள்ளி லேபில் வைத்துவிட்டேன். ஸ்டெல்லா வெள்ளிவரை வேறு பள்ளிக்குத் தேர்வு மேற்பார்வை. நானோ நாளை லீவு. வாட்ச்மேன் மாரிமுத்துவிடம் கெஞ்சினேன்.

"நான் கவுச்சி துன்றவன்தாம்மா. ஆனா அதும் மூக்கப் பாத்தாலே பயமா இருக்குது. தட்டுல வைக்கிறேன், துன்னா துன்னட்டும்."

"தட்டுல வச்சா தின்னாதே."

"பசிச்சா துன்னும்மா."

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கையை நாலு முறை சோப்பு. மோந்து பார்த்தேன். மீன் வாடை இல்லை. நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் இருப்பதுபோல் ஒரு பிரமை.

11-12, வியாழன்

ஐந்து மணிக்கு மடிப்புடவை, அடுப்பு. வாழைக்காய், பாகற்காய், பயத்தங்காய், பிரண்டைத் துவையல், எள்ளுருண்டை, திரட்டுப்பால். வாத்தியார் ஒரு மணி நேரம் லேட். அக்கா கூடவே நின்று எல்லாம் செய்தார், ஒரு சுடுசொல் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாமனாரை நினைத்துச் சமைக்க வேண்டிய நாள். நான் நினைத்ததெல்லாம் லேபில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சனியனை. நேற்று மூன்று மணிக்கு ஊட்டியது. பதினெட்டு மணி நேரம், இருபது, இருபத்திரண்டு. கணக்கு டீச்சராக இருப்பதில் இது ஒரு தொல்லை. மன்னித்துவிடுங்கள் அப்பா.

எல்லாம் முடிய மூன்றரை. ஐந்துக்கு இவரே வந்து, "போய்ப் பார்த்துட்டு வரயா?" என்றார். செருப்பு எங்கே என்று தெரியாமல் ஓடினேன்.

லேபில் கூடை காலி. தட்டில் மீன் அப்படியே, ஈ மொய்த்துக்கொண்டு. மாரிமுத்து தலையைச் சொறிந்தார். "தட்டு வைக்கத் தொறந்தேன், குடுகுடுன்னு வெளிய ஓடிப்போச்சும்மா. காலையில இருந்து அங்கதான் நிக்கிது. காக்காய நான்தான் தொரத்திக்கினு இருக்கறேன்."

கைப்பம்பு அருகில் மழைத்தண்ணீர்க் குட்டை. அதன் ஓரத்தில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, அசையாமல். கூப்பிட்டேன். திரும்பவில்லை. மீனை நீட்டினேன். திரும்பவில்லை. திடீரென்று கழுத்து நீண்டது, அலகில் ஒரு குட்டித் தவளை, கால் உதைக்க உதைக்க உள்ளே போயிற்று.

"இது நாலாவதும்மா," என்றார் மாரிமுத்து, தானே பிடித்த மாதிரி.

ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் வயிற்றெரிச்சல். இரண்டும் நிஜம். ஒரு வாரமாக அதைத் தடுத்துக்கொண்டிருந்தது என் கைதான் போலிருக்கிறது.

12-12, வெள்ளி

ஏழு மணிக்கே பள்ளி. குட்டையில் இல்லை. வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் இருந்தது. எப்படி ஏறியதோ. பிரேயர் மணி அடித்ததும் மிரண்டு பாய்ந்தது. விழப்போகிறது என்று நினைத்தேன். இறக்கை விரிந்தது, முழு வெள்ளை. பழுப்பு உடம்புக்குள் அத்தனை வெள்ளையை எங்கே மடித்து வைத்திருந்தது? சுவரைத் தாண்டி வேகவதி ஆற்றுப் பக்கம் போயிற்று. நானூறு பெண்கள் பிரேயரில், நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு.

இவரிடம் சொன்னேன். "பறந்துடுத்தா?" என்றார். சாப்பிடும்போது மறுபடியும், "எந்தப் பக்கமா போச்சு?" மோர் விடும்போது, "நன்னா பறந்துதா? கோணாம?" பத்மா அக்கா இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். மார்கழி முழுக்க இங்கேதானாம்.

14-12, ஞாயிறு

கொட்டிலைக் கழுவிவிட்டேன். விடைத்தாள் 120. மாடியிலிருந்து பார்த்தவை: கிளிகள், மைனா, புளியமரத்தில் கொக்குகள். நம்முடையது எது என்று தேடவில்லை என்று எழுத ஆசை. தேடினேன்.

17-12, புதன்

விடியும்வரை பேய்க்காற்று. தொண்டைக் கட்டு. விடைத்தாள் இன்னும் 43.

ஒன்பதே காலுக்குத் தலைமையாசிரியை அறையில் எனக்குப் போன். வீட்டிலிருந்து. இவர் பள்ளிக்குப் போன் செய்ததே கிடையாது, யாருக்கு என்னவோ என்று திறந்த பேனாவோடு ஓடினேன்.

"ஒண்ணுமில்லை," என்றார். "கொல்லைல ரெண்டு விழுந்திருக்கு. காக்கா கொத்தறதுக்குள்ள எடுத்துக் கொட்டில்ல வச்சுட்டேன். ஆபீசுக்கு லீவு சொல்லியாச்சு."

பின்னால் பத்மா அக்கா குரல்: "கொட்டிலோட நிக்கணும், சொல்லிட்டேன். உள்ள வந்தா நடக்கறதே வேற. சின்னதா பார்த்து வாங்குடா, தொண்டைல முள்ளு மாட்டிக்கப் போறது."

"மீன் கடைல போய் என்னன்னு கேக்கணும்?" என்றார் இவர், ரொம்பத் தாழ்ந்த குரலில்.

"கெண்டைக் குஞ்சுன்னு கேளுங்கோ."

"இரு, எழுதிக்கறேன்," என்றார்.