ஆறடித் தொட்டி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் என் கட்டில் ஹாலில் கிடக்கிறது. முன் அறையில், கட்டில் இருந்த அதே இடத்தில், கண்ணாடி மீன் தொட்டி. ஆறடி நீளம். கட்டிலும் ஆறடிதான். அளந்துதான் வாங்கியிருக்கிறான் சாலமன் அண்ணன். "இன்னா ஜீவி, சூப்பரா கீதுல்ல?" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். என் வீட்டுக்காரர் இறந்து நான் இங்கே திரும்பி வந்த அன்று, "அப்பா கட்டின வூடு, உனக்கு இல்லாத ரூமா?" என்றவனும் இவன்தான்.

ஆகஸ்ட் 5

தண்ணீர் நிரப்பியாயிற்று. இனி நாலு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாதாம். அண்ணி ஜாஸ்மின் இதை இரண்டு முறை சொன்னாள். எனக்கென்ன காதா கேட்காது?

2015 வெள்ளத்தின் கறை அந்த அறைச் சுவரில் இன்னும் இருக்கிறது. தொட்டித் தண்ணீரும் அதே உயரம்.

ஆகஸ்ட் 14

மீன் கடை சம்பத் வந்து மீன்களை விட்டுப் போனார். சிக்லிட். ஆப்பிரிக்கா ஏரி மீனாம். முடிச்சூர் போர் தண்ணீரின் உப்பு அதுகளுக்கு நன்றாக ஒத்துக்கொள்ளுமாம். என் முடியைக் கொத்துக் கொத்தாய்க் கொட்டவைத்த தண்ணீர் யாருக்காவது ஒத்துக்கொள்கிறதே, சந்தோஷம்.

ஆளுக்கொரு கல் இடுக்கைப் பிடித்துக்கொண்டன. பெரிய கல்லுக்கு ஒரு நீல மீன் ராஜா. ஒரு மஞ்சள் மீனுக்கு மட்டும் இடமில்லை. ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டி நிற்கிறது.

ஆகஸ்ட் 22

தீனி போடுவது, வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுவது எல்லாம் என் வேலையாகிவிட்டது. துணிக்கடைக்குக் கிளம்புவதற்கு முன் இதை முடிக்க வேண்டும். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை.

சாப்பிடும்போது அண்ணி, "சேலையூர்ல லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணு கீதாம். உனக்கும் பேச்சுத் துணைக்கு ஆளுங்க இருப்பாங்க" என்றாள். அண்ணன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை — அவ இங்கியே இருக்கட்டும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ஆகஸ்ட் 25

மஞ்சளின் வால் கிழிந்து தொங்குகிறது. சம்பத்துக்குப் போன் செய்தேன். "கல்லையெல்லாம் கலைச்சு வேற மாரி அடுக்குங்கக்கா. எல்லாத்துக்கும் எடம் பூடும். அப்பால யாரும் யாரையும் தொரத்த மாட்டான்."

தோள் வரை கையை விட்டுக் கலைத்து அடுக்கினேன். ராஜா முழித்துக்கொண்டு நின்றது. மஞ்சள் முதல் தடவையாக நடுவே வந்து தீனி தின்றது. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

எல்லாக் கல்லையும் கலைக்க வேண்டுமாம். இந்த வீட்டில் என் கட்டிலை மட்டும்தான் கலைத்தார்கள்.

ஆகஸ்ட் 27

பழைய மாதிரி இருந்தால்தான் அழகாம். அண்ணன் கற்களைத் திரும்ப அடுக்கிவிட்டான்.

ஆகஸ்ட் 29

மஞ்சள் செத்துவிட்டது. ஒரு கண்ணைக் காணோம்.

"காலைல நீதானே தீனி போட்ட?" என்றாள் அண்ணி. ஐயோ, நானா கொன்னேன்? நானா? அண்ணனைப் பார்த்தேன். "வுடு, வேற வாங்கிக்கலாம்" என்றான். அவளுக்குச் சொன்னானா, எனக்கா, தெரியவில்லை.

முருங்கை மரத்தடியில் நான்தான் புதைத்தேன்.

ஆகஸ்ட் 30

நானே சொல்லிவிட்டேன், ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்று. "இன்னா திடீர்னு?" என்றான் அண்ணன். நான் வாய் திறப்பதற்குள் ஆட்டோவுக்குப் போன் போட்டான்.

செப்டம்பர் 1

சேலையூர். இரும்புக் கட்டில். திரும்பிப் படுத்தால் கிறீச்சென்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்த நாள். வருஷா வருஷம் வீட்டில் பிரியாணி. மத்தியானம் போனில் அண்ணன் பெயரைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டேதான் எடுத்தேன். வான்னு கூப்பிடுவான் என்று நினைத்தேன்.

"ஜீவி, அந்த மோட்டார்ல காத்தே வர மாட்டேங்குது. நீ இன்னா பண்ணுவ?"

ஸ்பாஞ்சைக் கழற்றி, தொட்டித் தண்ணீரிலேயே அலசி, திரும்ப மாட்டச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். சரி சரி என்றான். பின்னால் பாத்திரச் சத்தமும் அண்ணியின் சிரிப்பும் கேட்டன.

சாப்பிட்டியா என்று அவன் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், மீனெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறதா என்று.

செருப்பைக் கழற்றி வைத்தேன்.