புது ஹார்ட் டிஸ்க்கில் என் ஜாதகம்

திங்கள், 8

புகைமூட்டம். தொண்டை கரகரப்பு. கடை கம்ப்யூட்டர் செத்து ஐந்தாவது நாள். ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டே கிடந்தது, ஒரேயடியாக நின்றுவிட்டது.

நின்ற நேரம் பார். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன், மூன்று வாரம் திரையைப் பார்க்கக் கூடாது. இருபத்தெட்டு வருஷமாக விவரம் தட்டி ஜாதகம் கணிப்பது அவர். நான் பிரிண்ட் எடுப்பேன், நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து உறையில் போடுவேன். பெண் ஜாதகத்தைப் பெண் கையில் கொடுப்பதில்லை, வீட்டுப் பெரியவர் கையில்தான். அண்ணன் வைத்த கடை வழக்கம்.

மாடி வீட்டுக் கவிதா வந்து பார்த்தாள். கோயம்புத்தூர் பெண், இங்கே மலேசியாவில் சாப்ட்வேர் வேலை. புது ஹா.டி. வாங்கி ஓ.எஸ். முதலிலிருந்து போட வேண்டுமாம். பழையதில் ஃபைல் ஏதாவது தேறுமா என்று எடுத்துப் போயிருக்கிறாள். ஓ.எஸ். என்றால் என்னம்மா என்றேன். விளக்கினாள். தலையாட்டினேன். புரியவில்லை.

வாங்க: பால், அ.வுக்குச் சொட்டு மருந்து, மஞ்சள் தூள், ஹா.டி.

செவ்வாய், 9

ஹா.டி. வாங்கியாச்சு. சோப்புக் கட்டியை விட லேசு. ஏமாற்றிவிட்டானோ?

கவிதா வேலைக்குப் போகும் முன் அதைப் பெட்டிக்குள் மாட்டிவிட்டுப் போனாள். ஒரு பென்டிரைவ், ஒரு துண்டுச் சீட்டு:

1. பென்டிரைவ் சொருகுங்க
2. பவர் அமுக்கினதும் F12 தட்டிக்கிட்டே இருங்க
3. கேக்கறதுக்கெல்லாம் நெக்ஸ்ட்
4. பயப்படாதீங்க

நாலாவதுதான் கஷ்டம்.

புதன், 10

காலை மழை. கடைக்கு ஆள் இல்லை, நல்லதாகப் போயிற்று. F12 பத்து தடவை தட்டியும் ஒன்றுமில்லை, பதினொன்றாவதுக்கு நீலத் திரை. கீபோர்ட் எந்த நாடு என்றது. அமெரிக்கா என்று ஏற்கெனவே போட்டிருந்தது. நமக்கும் அமெரிக்காவுக்கும் என்ன? விட்டுவிட்டேன். எங்கே நிறுவ என்று கேட்டது. ஒரே வரிதான் இருந்தது, அதை அமுக்கினேன். நேரம்: கோலாலம்பூர். மூன்று முறை தானாக அணைந்து எழுந்தது.

பி.ப. ஜாதக சாப்ட்வேர் போட்டேன், புதுப் பதிப்பு. சோதிக்க என் விவரமே கொடுத்தேன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். 1973 ஜூலை, பகல் 12.15, கிள்ளான்.

துலா லக்னம் என்கிறது.

எனக்குக் கன்னி லக்னம். ஏழில் செவ்வாய். கடும் தோஷம். ஐம்பத்திரண்டு வயதிலும் நான் அண்ணன் வீட்டில் இருப்பதே அதனால்தான். அ. முதல் கம்ப்யூட்டர் வாங்கியதும் சோதனைக்குப் போட்ட முதல் ஜாதகமே என்னுடையது. சுங்கை பூலோ மாப்பிள்ளை பார்க்க வந்தது அப்போதுதான். இரண்டாவது தடவையும் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். சிரித்தார். அப்புறம் என் ஜாதகம் அவர்கள் வீட்டுக்குப் போயிற்று. அவர்கள் திரும்ப வரவில்லை.

இதில் செவ்வாய் ஆறில். தோஷமே இல்லை.

எங்கோ தப்பாக நெக்ஸ்ட் அமுக்கியிருக்கிறேன். நாளை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி.

வியாழன், 11

மறுபடி போட்டேன். ஒவ்வொரு வரியும் கண்ணாடி போட்டுப் படித்து. துலாம்.

மூன்றாவது முறையும் போட்டேன். சாப்பிடவில்லை. துலாம்.

அ.விடம் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருந்தவர் விருட்டென்று நிமிர்ந்தார். டெஸ்ட்டுக்கு உன் பேர்தான் கிடைச்சதா, பழைய சாப்ட்வேரையே போடு லா என்றார். எதற்கு இவ்வளவு கோபம்? ரசத்தில் உப்பு இல்லை என்று வேறு. இருந்தது.

வெள்ளி, 12

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு ஆன்டி, மகளுக்குப் பொருத்தம் பார்க்க. கம்ப்யூட்டர் சரியில்லை, திங்கள் வாங்க என்று அனுப்பினேன். துலாம் காட்டுகிற மெஷினை நம்பி யார் பிள்ளைக்கு என்ன சொல்வது?

சாயந்திரம் கவிதா வந்து நோண்டினாள். கொஞ்ச நேரத்தில், "அக்கா, 82-க்கு முன்னாடி உங்க ஊர் டைமே வேறயாம். இப்ப இருக்கறதுக்கு அரை மணி பின்னாடி. புது சாப்ட்வேர் அதைத் தானா கணக்கு பண்ணிக்குது" என்றாள். பழசுக்கு அது தெரியாது. நாம்தான் அரை மணி கூட்டி 12.45 என்று கொடுத்திருக்க வேண்டும். நீங்க மிஷினை ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க என்று முதுகில் தட்டினாள்.

ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு எட்டு வயது. அப்பா முக்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார். எல்லார் வீட்டிலும் வைத்தார்கள்.

அப்படியென்றால் துலாம்தான் சரி. செவ்வாய் தோஷம் இல்லை. இல்லவே இல்லையா? சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா? ஒன்றும் வரவில்லை. துணி எடுத்தேன், மடித்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

பாவம் அ., அவருக்கும் தெரியாமல் போயிற்றே. எப்படிச் சொல்வது?

சனி, 13

பழைய ஹா.டி.யில் பாதி ஃபைல் தேறிவிட்டது. கவிதா புதியதில் ஏற்றித் தந்தாள். பெயர் வரிசையில் பார்த்துக்கொண்டே போனேன். என் பேர் இரண்டு தடவை.

வசந்தி 12.15
வசந்தி 12.45

இரண்டாவதின் தேதி, முதலாவதற்குப் பதினான்கு மாதம் கழித்து. திறந்தேன். துலாம்.

அ.வுக்குத் தெரியும். எனக்கு அப்போது இருபத்தைந்து.

இன்று வேறு எதுவும் எழுத முடியவில்லை.

ஞாயிறு, 14

கடை லீவு. சொட்டு மருந்து விட்ட பிறகு கேட்டேன். ரெண்டு வசந்தி இருக்குதே அண்ணே, எது நான்?

கஸ்டமர் ஒருவர் சொல்லித்தான் அந்த அரை மணி தெரிந்ததாம். அதற்குப் பிறகு 82-க்கு முன் பிறந்தவர்களுக்கெல்லாம் கூட்டித்தான் போட்டாராம். சுங்கை பூலோக்காரர்கள் அதற்குள் வேறு இடத்தில் முடித்துவிட்டார்களாம்.

அதுக்கப்புறம் என்னைப் பொண்ணு பார்க்க செந்தூல்லேருந்து வந்தாங்களே, ரவாங்லேருந்து வந்தாங்களே என்றேன்.

"கடை அப்பதான் சூடு பிடிச்சது, வசந்தி. சொந்தத் தங்கச்சி ஜாதகத்தையே தப்பா போட்டேன்னு தெரிஞ்சா எவன் வருவான்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே இருந்துட்டேன்."

வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பழைய தாளைத்தான் கொடுத்திருக்கிறார். நான்தான் அதற்கு மஞ்சள் வைத்தேன்.

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அந்த சுங்கை பூலோக்காரர் முகம்கூட இப்போது சரியாக ஞாபகம் இல்லை. அதுதான் ஆத்திரம். யாரை நினைத்து அழுவது?

கீழே போய்க் கடையைத் திறந்தேன். மெஷின் ஒரே தட்டில் எழுந்தது. 12.15, கிள்ளான். பிரிண்ட். நாலு மூலையிலும் மஞ்சள். உறை.

அ. பின்னாலேயே சுவரைப் பிடித்து இறங்கி வந்திருக்கிறார். பிரிண்டர் சத்தம் கேட்டிருக்கும். வழக்கம் போலக் கை நீட்டினார்.

கொடுக்கவில்லை. என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.