கணப்புப் பக்கக் கூடை

ஹாஸ்கில், அயோவா
மார்ச் 9, 1987

அன்புள்ள ஆர்லீனுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். என் இடுப்பு மட்டும் எனக்கு முன்னால் அறைக்குள் நுழைகிறது. உன்னுடையது எப்படி என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸ் அட்டையில் வருடா வருடம் "அனைவரும் நலம்" என்று இரண்டே வார்த்தை எழுதுகிறாய். மொத்தமாக அச்சடித்து வைத்திருக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளிக்கூடத்தை இடிக்கப் போகிறார்கள். உயர்நிலை வகுப்புகளை அறுபத்தொன்றிலேயே மூடி மார்வுட்டோடு சேர்த்தது உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகள் மட்டும் இங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்களும் மார்வுட் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். எந்த ஊரைத் தோற்கடிக்க நாம் தொண்டை கிழியக் கத்தினோமோ, அந்த ஊர்ப் பெயர் போட்ட சட்டையில் என் தம்பி மகள் லோரி சாப்பிட வந்து உட்காருகிறாள். அவளுக்குப் பரிமாறும்போது கரண்டி தானாகக் கொஞ்சம் குறைத்துப் போடுகிறது.

இடிப்பதற்கு முன் பள்ளியின் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடுகிறார்கள். எழுதுவது திருமதி லிண்ட்க்விஸ்ட். ஆமாம், நமக்கு இங்கிலீஷ் எடுத்தவர்தான், இன்னும் முதுகு வளையவில்லை. எந்த வருடமும் ஃபுட்பாலுக்குப் பதினோரு பையன்கள் தேறாததால் ஊரே பெண்களின் கூடைப்பந்தைப் பார்க்க வந்தது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்பையே முடிக்காத என்னிடம் பேனாவைக் கொடுக்க அவருக்கென்ன பைத்தியமா? வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களை வாங்கி வருவதுதான் என் வேலை. அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்த ஒரு செர்ரி பை பலகாரத்தோடு போய் நின்றால் பீரோ சாவியையே கொடுத்துவிடுகிறார்கள்.

லோரியிடம் நம் ஆட்டத்தைச் சொன்னேன். மார்வுட்டிலும் இப்போது ஐந்து பேர்தான், தளம் முழுக்க ஓடுகிறார்கள். "எங்களுக்கு ஆறு பேருடி. நடுவுல ஒரு கோடு. மூணு பேர் அந்தப் பக்கம் நின்னு கூடையில போடுவாங்க, மூணு பேர் இந்தப் பக்கம் நின்னு தடுப்போம். கோட்டத் தாண்டக் கூடாது" என்றேன்.

"நீங்க எத்தன பாயிண்ட் போட்டீங்க அத்தை?"

"ஒண்ணுகூட இல்ல. தடுக்கறவ கூடையப் பாத்து எறியவே கூடாது."

"அப்ப பந்து அந்தப் பக்கம் போயிட்டா என்ன செய்வீங்க?"

"கோட்டுல கால் விரல வச்சிக்கிட்டு ஆர்லீன் ஃபாஸைப் பாத்துக்கிட்டு நிப்பேன்."

அவள் சிரித்துச் சிரித்துப் பாலைச் சிந்திவிட்டாள்.

ஐம்பத்தொன்றாம் வருட அணியின் படம் ஊரில் ஒருவரிடமும் இல்லை. உன்னிடம் இருக்கும். அனுப்பு. ஜூன் இருபதாம் தேதி சனிக்கிழமை விளையாட்டுக் கூடத்திலேயே கடைசி விருந்து. வா. நீ போட்ட பாயிண்ட்டுகளை எண்ணத் தெரிந்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள்.

கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
வெர்னா


ஆஸ்டோரியா, ஓரிகன்
மார்ச் 24, 1987

அன்புள்ள வெர்னாவுக்கு,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். இந்த மீன் ஆலையில் நான் சத்தமாகச் சிரித்து யாரும் கேட்டதில்லை. லேபிள் ஒட்டும் மேசையில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

படம் இத்துடன் இருக்கிறது. நீ இடது ஓரத்தில் நிற்கிறாய், எல்லோரும் கேமராவைப் பார்க்க நீ மட்டும் வேறு எங்கோ பார்த்துச் சிரிக்கிறாய். ஒரு வேண்டுகோள். படத்தைப் போடும்போது நடுவில் இருக்கும் என்னை வெட்டிவிட முடியுமா? முடியாவிட்டால் என் பெயரையாவது போட வேண்டாம்.

விருந்துக்கு வர இயலாது. ஆலையில் அது வேலை நெருக்கும் மாதம். உன் வீட்டுக்காரர் ஏர்லையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஆர்லீன்


ஹாஸ்கில்
ஏப்ரல் 6, 1987

அன்புள்ள ஆர்லீனுக்கு,

நடுவில் நிற்பவளை வெட்டினால் படம் இரண்டு துண்டாகும். அப்புறம் நம் அணி ஏதோ விவாகரத்து ஆனதுபோல இருக்கும். வெட்ட மாட்டேன். என்னை வேண்டுமானால் ஓரத்தில் கொஞ்சம் செதுக்கலாம், இப்போதைய எடைக்கு அது ஈடாகும்.

படத்தை ஓட்டலில் எல்லோரும் பார்த்தார்கள். நான் இப்போது தானியக் கிடங்குக்கு எதிரில் இருக்கும் ஓட்டலில் சமைக்கிறேன், எழுதியிருந்தேன் அல்லவா? முடிவெட்டும் லைல் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பழைய கதைகளை ஆரம்பித்தார். விளையாட்டுக் கூடத்தின் வடக்குக் கூடைக்குப் பின்னால், ஓரடி தள்ளி, அந்த ராட்சசக் கரிக் கணப்பு நிற்குமே. ஓடி வந்த வேகத்தில் நிற்க முடியாமல் போனால் முழங்கை பொசுங்கும். அந்தப் பக்கத்தை எப்போதும் வெளியூர் அணிக்குத்தான் கொடுப்போம். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவதெல்லாம் நம் ஊரில் கிடையாது. "விருந்தாளிக்குக் குளிருமில்ல, அதான்" என்று நம் கோச் முகத்தில் ஒரு கோணலும் இல்லாமல் சொல்வாரே, அதைச் சொல்லிச் சொல்லி லைல் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு மார்வுட்டோடு ஆடிய அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. லிண்ட்க்விஸ்ட் அம்மா தான் எழுதியதை வாசித்துக் காட்டினார். "ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்த நிலையில், கடைசி நான்கு வினாடியில் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் ஆர்லீன் ஃபாஸ் பதற்றத்தால் தவறவிட்டார்." இதுதான் வாக்கியம். லைல் தலையாட்டினார். "நல்லாத்தான் எறிவா பாவம். கூட்டத்தப் பாத்தா கால் வெடவெடத்துரும்" என்றார்.

அன்று மூன்று செர்ரி பைகளை அடுப்பில் கருக்கிவிட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை. அந்த வாக்கியம் அப்படியே அச்சுக்குப் போக வேண்டுமா என்று உன்னைக் கேட்கத்தான் எழுதுகிறேன். மே மாதக் கடைசியில் அச்சாகிறது. என்ன சொல்கிறாய்?

வெர்னா


ஆஸ்டோரியா
ஏப்ரல் 19, 1987

அன்புள்ள வெர்னா,

வாக்கியம் அப்படியே இருக்கட்டும். அது உண்மைதானே.

இதை நான் யாருக்கும் எழுதியதில்லை. இன்று ஞாயிறு, வெளியே மழை, எழுதிவிடுகிறேன். அன்று கோட்டுக்கு அந்தப் பக்கம் நீ விலாவில் இடி வாங்கி விழுந்தாய். தடுக்கிறவள் அடி வாங்கினால் இந்தப் பக்கம் இருப்பவள் எறிய வேண்டும், அதுதானே நம் விதி. உன் அடிக்குக் கிடைத்த இரண்டு எறிகள் அவை. நான் போய் நின்றேன். பந்தை உயர்த்தும்போது வலது கால் என் வசத்தில் இல்லை. தானாக விலகிப் போனது. இரண்டாவதற்கும் அப்படியே. பாதி ஆட்டத்துக்கு அப்புறம் முழுக்கவே அப்படித்தான் இருந்தது. முதல் பாதியில் இருபத்தொன்பது பாயிண்ட் போட்டவள், இரண்டாம் பாதியில் எட்டு.

டி மொயினில் அந்த வணிகக் கல்லூரி தன் அணிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். முக்கியமான நேரத்தில் கால் கைவிட்டுவிடும் என்று தெரிந்த பிறகு எந்த முகத்தோடு போவது? இங்கே வந்தேன். யாரும் பார்க்காத வேலையாகப் பார்த்துச் சேர்ந்தேன். மகளின் கல்யாண விருந்தில் எழுந்து நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். மேசைக்கடியில் கால் நடுங்கியது, எழுந்திருக்கவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் யாரையும் எதற்கும் கேலி செய்யாமல் நீ விட்டதில்லை. பாதிரியாரின் தொப்பையைக்கூட விடவில்லை. ஆனால் அந்த இரண்டு எறிகளைப் பற்றி மட்டும் இந்த முப்பத்தாறு வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஹாஸ்கிலிலிருந்து நான் பதில் போடும் கடிதம் உன்னுடையது ஒன்றுதான். அதற்குக் காரணம் இதுதான். நன்றி, வெர்னா.

ஆர்லீன்


ஹாஸ்கில்
மே 3, 1987

ஆர்லீன்,

உன் நன்றி எனக்கு வேண்டாம். அது எனக்கு உரியது அல்ல.

ஒரு வாரமாக எழுதிக் கிழித்துப் போடுகிறேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் கால் நடுங்கவில்லை. நழுவியது. தரையில் சோளமாவு இருந்தது. போட்டவள் நான்.

சனிக்கிழமை நடனங்களுக்குச் செருப்பு வழுக்க வேண்டும் என்று தரையில் தூவுவார்களே, அந்தத் தகர டப்பா மேடைக்கடியில் இருந்தது. பாதி ஆட்டம் முடிந்து நீங்கள் எல்லோரும் உள்ளே ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தபோது நான் முதலில் வெளியே வந்தேன். மார்வுட்டின் அந்த நெட்டைப் பெண்ணைத் தடுத்துத் தடுத்து எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டு கை மாவை எடுத்து, ஷூ நாடாவைக் கட்டுவதுபோலக் குனிந்து, கணப்புப் பக்கக் கூடையின் எறி கோட்டில் போட்டுக் காலால் தேய்த்துவிட்டேன். அவள் ஒரு தடவை வழுக்கி விழுந்தால் ஊரே சிரிக்கும், எனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. அது ஒரு காரணமாகாது.

டி மொயினிலிருந்து வந்திருந்த நடுவர் விசிலை ஊதி, கையைச் சுழற்றிக் காட்டினார். "விதிப்படி பக்கம் மாறணும். இது இறுதி ஆட்டம், உங்க ஊர் வழக்கமெல்லாம் செல்லாது" என்றார். கோச் வாதாடினார், நடக்கவில்லை. நீ கணப்புப் பக்கம் போனாய். நான் தெற்கே.

அப்புறம் பாதி ஆட்டம் முழுக்கக் கோட்டில் கால் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். நீ சறுக்குவதைப் பார்த்தேன். மூன்றாவது தடவை சறுக்கியபோது நீ குனிந்து உன் முழங்காலைப் பார்த்தாய். தரையைப் பார்க்கவில்லை. இடைவேளை கேட்டு எல்லோரும் ஒன்றாக நின்றபோது நீ எனக்குப் பக்கத்தில்தான் நின்றாய். "ஷூவத் தொடச்சிக்கோ" என்று காதில் சொன்னால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாய். அதற்குப் பயந்தேன். எதற்கெடுத்தாலும் வாயைத் திறப்பவள் அன்று திறக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் துடைப்பத்தை எடுத்தவளும் நான்தான். "தோத்த துக்கத்துலயும் பொறுப்பப் பாரு" என்று கோச் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்த வசந்தத்திலேயே பள்ளியை விட்டேன். ஏர்லைக் கட்டிக்கொள்ளத்தான் விட்டேன் என்று ஊர் சொன்னது, நானும் அதையே சொன்னேன். அந்தத் தரையில் மறுபடி கால் வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். கேலி செய்யாமல் இருந்தது அன்பினால் இல்லை, ஆர்லீன். அந்தப் பேச்சு வந்தாலே மாவு வாசனை வந்துவிடும்.

நீ ஆலையில் வேலை பார்ப்பது உனக்குப் பிடித்துத்தான் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் மகளின் கல்யாணத்தைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

நாளை லிண்ட்க்விஸ்ட் அம்மாவிடம் போகிறேன்.

வெர்னா


ஹாஸ்கில்
ஜூன் 22, 1987

ஆர்லீன்,

நீ பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். இதைப் படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி, எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

லிண்ட்க்விஸ்ட் அம்மாவிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு தாளைத் தள்ளி, "நீயே எழுது, வெர்னா. நான் திருத்த மாட்டேன்" என்றார். ஐந்து வரி எழுதினேன். எழுத்துப் பிழையோடு அப்படியே அச்சாகியிருக்கிறது. நாற்பத்தோராம் பக்கம். "பதற்றத்தால்" என்ற வார்த்தை அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

புத்தகத்தை எல்லோரும் படிப்பார்கள் என்பது நிச்சயமில்லை, வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதனால் விருந்தில் வாயாலும் சொன்னேன். இருநூறு பேர் இருந்தார்கள். மார்வுட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். ஆரம்பிக்கும்போதே சிலர் சிரித்தார்கள், வெர்னா எழுந்தால் வேடிக்கைதான் என்று. பாதியில் சிரிப்பு நின்றது. முடித்ததும் பின்னால் காபிப் பானை கொதிக்கிற சத்தம் கேட்டது.

லைல்தான் முதலில் பேசினார். "அந்தப் பொண்ண ஊர விட்டே தொரத்திட்டமே" என்றார். "நீங்க இல்ல லைல், நான்" என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். இன்று காலை ஓட்டலில் என்னிடம் முட்டை கேட்டபோது முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்குத் தேவைதான்.

எல்லோரும் போன பிறகு நடுக்கோட்டுக்குப் போனேன். பழக்கத்தில் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஐம்பத்தோரு வயதுப் பெண்பிள்ளை, தடுக்க யாருமில்லை, விசில் ஊதவும் யாருமில்லை, தாண்ட வரவில்லை. ஏர்ல்தான் கதவருகே நின்று, "தாண்டு, பரவால்ல" என்றார். தாண்டி எறி கோட்டுக்குப் போனேன். உட்கார்ந்து கையால் தரையைத் தடவிப் பார்த்தேன். என்ன தேடினேன் என்று கேட்காதே.

வேண்டியவர்கள் தரையிலிருந்து ஒரு பலகை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த எறி கோட்டின் வெள்ளைச் சாயம் இருக்கும் பலகையை ஏர்ல் பெயர்த்து, இரண்டடிக்கு அறுத்துக் கொடுத்தார். நான் வைத்துக்கொள்வது நியாயமில்லை. பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு முறை கழுவியிருக்கிறேன்.

கேலியாக ஏதாவது எழுதி முடிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

வெர்னா


ஆஸ்டோரியா
ஜூலை 30, 1987

வெர்னா,

பலகை வந்தது. பிரிக்காமல் மூன்று வாரம் கராஜில் வைத்திருந்தேன். உன் மே மாதக் கடிதத்தைப் படித்த அன்று உன் கடிதங்கள் அத்தனையையும் ஒரு பெட்டியில் போட்டு வாசலில் வைத்தேன். குப்பை வண்டி வருவதற்குள் மழை வந்தது, உள்ளே எடுத்து வந்துவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

மன்னித்துவிட்டதாக எழுத உட்காரவில்லை. அது இன்னும் வரவில்லை. முப்பத்தாறு வருடத்தை யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது என்று நினைத்தால் கை சூடாகிவிடுகிறது.

நேற்று மாலை பார்சலைப் பிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் கராஜ் வாசலில் கூடை மாட்டியிருக்கிறார். அவரிடம் கேட்டு, பதினைந்து அடி அளந்து, பலகையை அங்கே போட்டேன். பந்தும் அவருடையதுதான். அவரும் அவர் மனைவியும் படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளைச் சாயத்துக்குப் பின்னால் கால் வைத்து நின்று இரண்டு எறிந்தேன்.

கால் அசையவே இல்லை, வெர்னா. ஆணி அடித்ததுபோல நின்றது.

இரண்டுமே கூடையில் விழவில்லை. முதலாவது வளையத்தைத் தொடக்கூட இல்லை, கராஜ் கூரை மேல் போய் விழுந்தது. அந்த மனிதர் ஏணி கொண்டுவரப் போனார். நான் அந்தப் பலகை மேலேயே உட்கார்ந்து, வயிறு வலிக்கும் வரை சிரித்தேன். உடனே இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறு யாரிடமும் தோன்றவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

நான் மறுபடி எழுதும்வரை நீ எழுதாதே. கிறிஸ்துமஸுக்கு எழுதுவேன். இந்தத் தடவை இரண்டு வார்த்தைக்கு மேல் இருக்கும்.

நாற்பத்தோராம் பக்கத்தை மட்டும் கிழித்து அனுப்ப வேண்டாம். புத்தகம் முழுதாக வேண்டும்.

ஆர்லீன்