அப்பா வாசனை அடிக்கும் துப்பாக்கி

வைகாசி, வெள்ளி இரவு

தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த மாமனாரின் ரெட்டைக்குழல் துப்பாக்கியை இன்று காலை இவர் திரும்ப வாங்கி வந்தார். கார் வைத்துக்கொண்டு போய், பட்டு வேட்டியில் சுற்றி, மாப்பிள்ளையை அழைத்து வருவது போல. வாசலில் ஆரத்தி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். சந்தனமும் குங்குமமும் வைத்தேன். இவர் குழலில் மூக்கை வைத்து, "அப்பா வாசனை அடிக்குதுடி" என்று அழுதார்.

மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, நாற்றம் தாங்கவில்லை என்று அந்த அறைப் பக்கமே போகாத மனிதர். துடைத்ததும் கழுவியதும் நான்.

மத்தியானம் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவரும் இன்றுதான் தன் துப்பாக்கியை வாங்கினாராம். "சார், நம்பரைப் பாத்தீங்களா? ஸ்டேஷன்ல மாத்திக் குடுத்துட்டாங்க. உங்களுது எங்க வீட்டுல இருக்கு."

இவர் நம்பரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பட்டு வேட்டியை உருவிக்கொண்டு, துப்பாக்கியைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்.

நாளைக் காலை மாற்றிக்கொள்கிறார்களாம். படுக்கப் போகும்போது என்னிடம் கேட்கிறார்: "சந்தனம் மிச்சம் இருக்கா?"